நஞ்சப்பன் உள்ளேதான் இருக்கிறார்

ஒப்பணக்கார வீதி தினமும் காலையில் மேலே போய்விடும். நகைக்கடை, ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, இவற்றுக்கு நடுவே எப்படியோ நுழைந்துகொண்ட இனிப்புக்கடை என்று வீதி மொத்தமும் தூண்களின் மேல் எழுந்து இரண்டு தென்னை உயரத்தில் நின்றுகொள்ளும். உள்ளே டீ குடிப்பவரின் கையில் தம்ளர் தளும்பாது. முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்கள், "இதுலயே வேற கலர் காட்டுங்க" என்று உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் வீதி இறங்கும்வரை மேலேயே கிடப்பதும் உண்டு. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. புடவை எடுக்க எப்படியும் அவ்வளவு நேரம் ஆகும்.

வீதி எழுந்ததும் அடியில் மண் தெரியும். நிஜ மண். மேடும் பள்ளமுமாக, புல் முளைத்து, எறும்பு ஊரும் செம்மண். கோயமுத்தூரில் வேறெங்கும் அது மிச்சமில்லை. மற்ற இடமெல்லாம் காலுக்குத் தக்கபடி தானே நெகிழ்ந்துகொடுக்கும் மெத்தைத் தரை. அந்த மண்வெளியை ஊருக்கு நடுவில் திறந்துவிட்டதையும், அங்கே போக ஓசையில்லாமல் ஓடும் மிதவண்டிகளை இலவசமாக விட்டதையும் வெளிநில வாரியம் வாய் ஓயாமல் சொல்லிக்கொள்ளும். சொல்லிக்கொள்ளட்டும், நல்ல காரியம்தானே.

வண்டியையும் வெளியையும் நடத்தியது நகர்மதி. கண்ணுக்குத் தெரியாத பேரறிவு அது. நிறுத்தங்களிலும் வாசல்களிலும் குரல் மட்டும் கேட்கும். இதற்கு முன்னால் வேறு ஊர்களில் வைத்த நகர்மதிகள் மக்களுக்குப் புத்தி சொல்லப் போய்க் கல்லடி வாங்கியிருந்தன. ஆகவே கோவை நகர்மதிக்கு ஒரே ஒரு கட்டளைதான் இட்டிருந்தார்கள். மக்களுக்குக் கற்றுக்கொடுக்காதே, மக்களிடம் கற்றுக்கொள். பாவம், அது சொன்னபடி கேட்டது.

செல்வபுரம் அடுக்ககத்தில் குடியிருந்த கோகிலவாணிக்கு இந்தப் பெருமையில் எல்லாம் நாட்டமில்லை. அவளுக்கு அந்த மண் வேண்டும், அவ்வளவுதான். அவள் கணவர் நஞ்சப்பன் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். விசிலும் கையுமாக மைதானத்தைச் சுற்றி ஓடிய மனிதர், நரம்பு நோய் வந்து இடுப்புக்குக் கீழே துவண்டுபோனார். டாக்டர்கள் இரண்டு தொடையிலும் கால்சில்லு பதித்தார்கள். செத்த நரம்பின் வேலையை அந்தச் சில்லு செய்யும். ஆனால் நடையை அது கற்றுக்கொள்ள வேண்டும்.

"மெத்தைத் தரையில நடந்தா பிரயோசனமில்லீங்கம்மா" என்றார் டாக்டர். "தடுக்கணும், சறுக்கணும், சமாளிக்கணும். நிஜ மண்ணுலதான் சில்லு கத்துக்கும். ஆடி முடியறவரைக்கும்தான் அதுக்குக் கத்துக்கற பருவம். அதுக்கப்புறம் உறைஞ்சுபோயிரும். அன்னிக்கு என்ன நடை இருக்குதோ, ஆயுசுக்கும் அதுதான்."

"இல்லாட்டி?" என்று கேட்டாள் கோகிலவாணி.

டாக்டர் நஞ்சப்பனின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

முதல் நாள் நிறுத்தத்துக்குப் போனபோது நல்ல கூட்டம். நஞ்சப்பனின் சக்கர நாற்காலி பின்னால் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. மிதவண்டி வந்து நின்றதும் கோகிலவாணி முண்டியடித்து ஏறி, அவர் தோளிலிருந்து எடுத்து வைத்திருந்த ஈரிழைத் துண்டை ஓர் இருக்கையில் போட்டாள். நீங்களும் நானும் செய்வதுதான். அவள் பாட்டி காலத்துப் பேருந்திலும் அதைத்தான் செய்தார்கள்.

நகர்மதி அதுவரை துண்டைப் பார்த்ததில்லை. "அக்கா, இந்த இருக்கைல இருக்கறது யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டது.

"எங்க வீட்டுக்காரருங்க."

"இதுங்களா?"

"ஆமாங்க. அவருதான்."

நகர்மதி அதைக் குறித்துக்கொண்டது. பிறகு இருக்கைப் பட்டை நீண்டு வந்து துண்டைச் சுற்றிப் பத்திரமாகப் பூட்டிக்கொண்டது. உட்கார வந்த ஒருவரை, "ஆள் இருக்குதுங்க, அண்ணா" என்று நகர்த்தி விட்டது. கோகிலவாணிக்கு உள்ளூரப் பெருமைதான். இவ்வளவு மரியாதை தெரிந்த இயந்திரத்தை அவள் பார்த்ததே இல்லை. அன்றைக்கு நஞ்சப்பன் மண்ணில் இறங்கி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் தள்ளாடினார். இடது கால் இரண்டு தடவை தானாகவே எழுந்தது. வீடு வரும்வரை அவளுக்கு அழுகைதான் வந்தது.

அவள் துண்டு போட்டதை வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்திருந்தார்கள். நம் ஜனங்களுக்குச் சொல்லித் தரவா வேண்டும்? ஒரு வாரத்துக்குள் மிதவண்டி இருக்கைகளில் கைக்குட்டை, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு, பிள்ளையின் பால்புட்டி எல்லாம் பட்டை பூட்டி உட்கார்ந்திருந்தன. போகிறோமோ இல்லையோ, இடம் கிடக்கட்டும் என்று காலையிலேயே பொருளை ஏற்றி அனுப்பிவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டார்கள். அவை உக்கடம் போய், காந்திபுரம் போய், திரும்பவும் உக்கடம் வந்தன. நகர்மதி இதற்கு 'பொருள்வழி இருப்பு' என்று பெயரிட்டு, மக்களின் தொன்மையான வழக்கம் என்று வாரியத்துக்கு அறிக்கை அனுப்பியது. வண்டிகள் நிறைந்து ஓடுகின்றன என்று வாரியம் பூரித்துப் போயிற்று.

மண்வெளிக்கும் அதே கதி வந்தது. புல் அழியாமல் இருக்க இத்தனை பேர்தான் உள்ளே என்று ஒரு வரம்பு உண்டு. அந்த இடங்களையும் துண்டு போட்டுப் பிடித்தார்கள். பக்கத்து வீட்டுப் பரிமளம் ஒருநாள் கதவைத் தட்டினாள்.

"ஏனுங்க்கா, எங்க வீட்டு எந்திரப் பணியன் விடியறப்பவே நடந்து போயி எங்க நாலு பேர்த்து துண்டையும் மண்ணுல போட்டுட்டு வருதுங்க. அண்ணன் துண்டையும் குடுங்க, சேத்துப் போட்டுட்டு வரட்டும். நீங்க மெதுவா வண்டி புடிச்சுப் போலாமுல்ல?"

"நீங்கல்லாம் எப்பப் போவீங்க?"

"அட போங்க்கா, எங்களுக்கு எங்க நேரம்? கெடக்கட்டும்னுதான்."

கோகிலவாணி துண்டைக் கொடுத்தாள். கொடுக்காமல் என்ன செய்வாள்? அதன் பிறகு தினமும் நஞ்சப்பனின் துண்டு மண்வெளிக்குப் போனது. நஞ்சப்பன்தான் போகவில்லை. நிறுத்தத்தில் காத்துக் கிடந்தார்கள். வண்டி வந்து நிற்கும், கதவு திறக்கும், உள்ளே மனித வாசனையே இருக்காது, வரிசை வரிசையாகத் துண்டுகள் இருக்கும்.

"இடம் இல்லீங்க அக்கா, மன்னிச்சுக்குங்க" என்னும் நகர்மதி.

"அது துண்டுங்க. வெறுந்துண்டு."

"நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க, அவங்கதான்னு."

நாற்காலியின் மின்கலமோ பாதி வழிக்குத்தான் தாங்கும். மிச்சத் தூரம் தள்ளிக்கொண்டு போக அவளுடைய முழங்கால் இடம் கொடுக்காது. வீட்டுக்குத் திரும்பி, கூடத்து மெத்தைத் தரையில் அவரை நிறுத்தி நடக்க விட்டாள். தரை சமர்த்தாக நெகிழ்ந்து கொடுத்தது. கால் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

வாரியத்துக்கும் போய்ப் பார்த்தாள். காத்திருப்புக் கூடத்தில் நாற்காலி எல்லாம் கைக்குட்டை. நின்றுகொண்டே இருந்தவளை எழுத்தர் ஒருவர் உள்ளே கூப்பிட்டு, "ஐயாகிட்டச் சொல்லுங்கம்மா" என்று கைகாட்டினார். பெரிய மேசைக்குப் பின்னால் பெரிய நாற்காலி. அதன் முதுகில் வெள்ளை வெளேர் என்று ஒரு பூத்துவாலை.

"ஐயா எங்கீங்க?"

எழுத்தர் துவாலையைப் பார்த்தார். "இருக்காருங்களே" என்றார் தாழ்ந்த குரலில். "பங்குனியிலிருந்து லீவே எடுக்கலீங்க. நகர்மதி கணக்குல இவர்தான் முதலிடம்."

கோகிலவாணி கைகூப்பித் தன் கதை முழுவதையும் அந்தத் துவாலையிடம் சொன்னாள். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது, இருந்தாலும் சொன்னாள். கிணற்றில் போட்ட கல்லாக அந்தக் குறை அங்கேயே கிடந்தது.

ஆடி கடைசி நாள் வந்தது. காலையிலிருந்தே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஊரைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. கோகிலவாணி முழங்காலில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, "வாங்க, போலாம்" என்றாள்.

"எதுக்கு அம்மிணி உசுர விடற? விடு" என்றார் நஞ்சப்பன்.

"பேசாம உக்காருங்க."

மின்கலம் உக்கடத்துக்கு முன்பே தீர்ந்துபோயிற்று. அதன் பிறகு அவள் தள்ளினாள். கட்டடங்களில் மோதித் திரும்பிய காற்று நாற்காலியைப் பின்னால் தள்ள, அவள் முன்னால் தள்ள, இருவருக்கும் நடுவே நஞ்சப்பன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பழைய பி.டி. மாஸ்டர் வாயிலேயே விசில் அடித்து, "லெப்ட், ரைட்" என்று அவளுக்கு நடைபோடச் சொல்லிக் கேலி செய்தார். அவள் சிரிக்கவில்லை. முழங்கால் வலியில் கண் கலங்கிற்று.

மண்வெளி வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். தலைக்கு மேலே வீதியின் அடிவயிறு. எதிரே பரந்த செம்மண், புல். மண் முழுக்க வரிசை தவறாமல் துண்டுகள். காற்றில் பறந்துவிடாமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல். ஓர் ஆள் இல்லை, ஒரு குழந்தை இல்லை. நாற்காலியின் சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரே ஓர் அடிதான் இருந்தது. அந்த ஓர் அடியில் கண்ணுக்குத் தெரியாத தடுப்பு ஒன்று மெத்தென்று அவர்களை நிறுத்தியது.

"பேரு சொல்லுங்க" என்றது நகர்மதி.

"நஞ்சப்பன். அவருக்கு இங்க இடம் போட்டிருக்குதுங்க" என்றாள் கோகிலவாணி.

"நஞ்சப்பன் ஐயா உள்ளேதானுங்க இருக்கார். ரொம்ப ஒழுக்கமான மனுஷன், தினமும் வர்றாரு."

"அது துண்டு. இவர்தான் நஞ்சப்பன்."

"ஒருத்தர் ரெண்டு இடத்துல இருக்க முடியாதுங்களே அக்கா."

"அப்படின்னா அந்தத் துண்டை எடுத்து வெளிய போடு."

"உள்ளே இருக்கறவரை அவரோட சம்மதம் இல்லாம வெளியேத்தக்கூடாதுங்க. இப்பக் கேட்டுப் பாத்தேன். அவர் ஒண்ணும் பேசலீங்க."

கோகிலவாணிக்கு அழுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. தடுப்பில் கையை வைத்துத் தள்ளினாள். அது அவள் கையைத் தலையணைபோல வாங்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஓங்கி ஒரு காற்று அடித்து, ஓரத்தில் கிடந்த யாருடைய துண்டோ கல்லை உருட்டிவிட்டுப் பறந்து போனது. ஓர் இடம் காலி.

"தோ, காலி இருக்குது" என்றாள் அவள். "இவரை விடு."

"நஞ்சப்பன் ஐயா உள்ளே இருக்காருங்க. அப்ப இவர் யாருங்க?"

நஞ்சப்பன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஆயுளெல்லாம் பையன்களைச் சிரிக்க வைத்தே ஓட விட்டவர் அவர். இந்த முறை அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நான் துண்டுங்க" என்றார்.

"யாரோட துண்டுங்க?"

"இந்த அம்மிணியோடது."

தடுப்பு உடனே விலகியது. காவல் இயந்திரம் ஒன்று ஓடி வந்து அவரை நாற்காலியிலிருந்து பதமாகத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் காலி இடத்தில் மண்மேல் கிடத்தியது. கோகிலவாணி பின்னாலேயே ஓடினாள். தடுப்பு அவள் முகத்துக்கு நேரே மறுபடி மூடிக்கொண்டது. "கோகிலவாணி அம்மா உள்ளே வந்துட்டாங்க" என்று நகர்மதி அவளிடமே சொன்னது.

பரவாயில்லை, மண்ணைத் தொட்டுவிட்டாரே. அவள் தடுப்பில் நெற்றியை வைத்துக்கொண்டு, "எந்திரிங்க! கையை ஊனி எந்திரிங்க!" என்று கத்தினாள். நஞ்சப்பன் புரண்டு, முழங்கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கினார். இடது கால் மண்ணைச் சுரண்டிற்று. மேடு தெரிந்து, பள்ளம் தெரிந்து, அந்தக் கால் மெல்ல மடங்கிற்று. காவல் இயந்திரம் திரும்பி வந்து, அவரை மறுபடி மல்லாக்கப் படுக்க வைத்தது. கையையும் காலையும் நேராக நீட்டி, சட்டைச் சுருக்கத்தை நீவி விட்டது.

"துண்டு நடக்கக்கூடாதுங்க" என்றது நகர்மதி பணிவாக. "போட்ட எடத்துல கெடக்கணும். அதுதானுங்க வழக்கம்."

பிறகு, காற்று பலமாக இருந்ததால், அவர் வயிற்றின்மேல் ஒரு கூழாங்கல்லை வைத்துவிட்டுப் போயிற்று.

சற்று நேரத்தில் கோகிலவாணியின் காதுக்குள் மருத்துவமனைக் குரல் கேட்டது. தங்கள் கணவர் ஒருநாள் தவறாமல் மண்வெளிக்கு வந்து பயிற்சியை முடித்ததாக நகர்மதி சான்று அளித்திருக்கிறது, வாழ்த்துகள், கால்சில்லு இந்தக் கணத்தில் உறையவைத்து நிலைநிறுத்தப்படுகிறது என்றது. மண்ணில் கிடந்த நஞ்சப்பனின் இரண்டு கால்களும் ஒருதரம் விறைத்துத் தளர்ந்தன. அவர் கழுத்தைத் திருப்பி அவளைத் தேடினார். அவள் கைநீட்டினாள். எட்டவில்லை.

யாரோ ஓர் இளைஞன் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். குழந்தைக்கு மண்ணைக் காட்ட வேண்டுமாம். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, நஞ்சப்பன் கிடந்த இடத்தைக் காட்டி, "அந்த ஓரத்து எடம் காலிங்களா?" என்று கேட்டான்.

"இல்லீங்க தம்பி" என்றது நகர்மதி. "ஆள் இருக்குதுங்க."