மார்க் குறையாத சாவு

முத்தாண்டிக்குப்பம் போகிற சாலையில், முந்திரித் தோப்பை ஒட்டி மணிமாறன் மல்லாந்து கிடந்தான். காலருகே பைக் சாய்ந்து கிடந்தது. தலையில் ஹெல்மெட், தாடைக்குக் கீழே வார் இறுக்கமாகப் பூட்டியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது நண்பகல். உயிர் போயிருந்தது.

போன் செய்து ஆம்புலன்ஸை வரவழைத்தவன் மைத்துனன் சுதாகர். இருவருக்கும் வேலை உதயநிலா என்ஜினியரிங்கில். சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட்டுகளைப் பழுது பார்க்கும் கான்ட்ராக்ட் கம்பெனி அது.

மாலை நான்கு மணிக்கு, கம்பெனி சார்பில் ஸ்டேஷனுக்குப் போனவள் சண்முகப்பிரியா. மதுரைப் பக்கத்துப் பெண். கம்பெனி எப்படி நடக்கிறது என்று அளக்க ஒரு மார்க் அட்டை உருவாக்கியவள். லாபத்தை மட்டும் பார்த்தால் போதாது. வாடிக்கையாளர் திருப்தி, வேலை நடக்கும் விதம், ஆட்களின் பயிற்சி எல்லாவற்றையும் சேர்த்து எடை போட வேண்டும் என்பது அதன் கணக்கு. நல்ல கணக்குதான், யார் இல்லை என்றது? சைட்டில் விபத்து நடந்தால் பத்து மார்க் போகும். வேலைக்கு வரும்போதோ போகும்போதோ ஹெல்மெட் இல்லாமல் வண்டி ஓட்டினால் இரண்டு மார்க் போகும். மார்க் குறைந்த குழுவுக்கு அடுத்த வருஷம் வேலை கிடையாது என்ற வரியை மட்டும் மேலிடம் பிறகு சேர்த்தது. அவள் மறுத்துப் பேசவில்லை.

"வண்டி சறுக்கியிருக்கும்மா. பின்மண்டை நல்லா பிளந்திருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர் மருதமுத்து. மேஜைமேல் அந்த ஹெல்மெட் இருந்தது, கடையில் வாங்கிய பளபளப்பு மாறாமல். உள்பஞ்சில் மட்டும் ரத்தம் உறைந்திருந்தது.

மணிமாறன் குழுவின் சூப்பர்வைசர் ஜெயகணேஷ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எத்தனை மணிக்குக் கெளம்பினார்?"

"பத்தரை இருக்கும் மேடம். மயக்கமா இருக்குதுன்னு பர்மிஷன் கேட்டான், விட்டேன். மனசு கேக்காம சுதாகரைப் பின்னாலயே அனுப்பினேன். நல்லவேளை, ஹெல்மெட் போட்டுக்கினு இருந்தான்."

"செத்தவனுக்கு அதுல என்னய்யா நல்லவேளை?" என்று இன்ஸ்பெக்டர் எரிந்து விழுந்தார்.

வாசலில் மணிமாறன் மனைவி சரிதா வழிமறித்தாள். பக்கத்து ஊரான வடக்குத்தில் வீடு. அழுது அழுது குரல் கம்மிப்போயிருந்தது.

"காலையில நல்லாத்தான் சாப்ட்டுக்கினு போனாரு மேடம். மயக்கம்லாம் அவருக்கு வந்ததே இல்ல. சைட்லதான் என்னமோ நடந்திருக்குது. அங்க செத்தாருன்னு ஆனா, அவரு வேலையாவது எனக்குக் கெடைக்கும். ரோட்டுல செத்தாருன்னா நானும் எம் பொண்ணும் எங்கங்க போறது?"

பார்க்கிறேன் என்று மட்டும் சண்முகப்பிரியா சொன்னாள்.

மறுநாள் சைட்டுக்குப் போனாள். தூசி அடங்குவதற்காக அடிக்கிற தண்ணீர் பெல்ட்டுக்கு அடியில் எல்லாவற்றையும் அலசி விட்டிருந்தது. குழுவில் ஒவ்வொருவரையாகத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள்.

"மணிமாறன் எப்படிப் போனார்?"

"மயக்கமா இருக்குதுன்னு சொல்லிக்கினு போனாருங்க."

"வேற எதுவும் நடந்துச்சா?"

"ஹெல்மெட்லாம் போட்டுக்கினுதாங்க போனாரு."

அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல அதையே ஒப்பித்தார்கள். அவள் ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்கவே இல்லையே! அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. நேரே ஸ்டேஷனுக்கு வண்டியைத் திருப்பினாள்.

சரிதா, சுதாகர், ஜெயகணேஷ் மூவரையும் இன்ஸ்பெக்டர் வரச் சொன்னார். சண்முகப்பிரியா ஹெல்மெட்டைக் கையில் எடுத்தாள்.

"சார், மண்டை பிளக்கிற அளவுக்கு ரோட்டுல விழுந்தவரோட ஹெல்மெட் இது. பின்பக்கம் ஒரு கீறலாவது இருக்கா பாருங்க."

இன்ஸ்பெக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மாறியது.

"அடிபட்ட பிறகுதான் இதை மாட்டியிருக்காங்க. ஏன்னு யோசிச்சேன். சாவை ரோட்டுக்குக் கொண்டு போனா பத்து மார்க் மிச்சம். ஆனா வேலைக்கு வந்துட்டுப் போறவர் ஹெல்மெட் இல்லாம கெடந்தா அதுக்கு ரெண்டு மார்க் போயிடும். அந்த ரெண்டையும் விட மனசில்லாத ஆள்தான் இதைப் பண்ணியிருக்கணும். 'நல்லவேளை'ன்னு நீங்கதானே சொன்னீங்க, ஜெயகணேஷ் சார்?"

ஜெயகணேஷ் நிமிரவே இல்லை. உடைந்தவன் சுதாகர்.

"பெல்ட்டு ரோலர் கழண்டு மண்டையில வுழுந்துச்சுங்க. இவருதான் ரோட்டுக்குத் தூக்கினு போயிட்டு ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணுன்னாரு. அவரு வண்டியிலயே வச்சிக்கினு போனோம். நான்தான் மாட்டினேன்…" விக்கினான். "அப்ப மூச்சு இருந்துச்சுக்கா."

சரிதா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கிட்ட சொல்றது கோர்ட்டுல நிக்காது," என்றார் மருதமுத்து. "மாஜிஸ்திரேட் முன்னால சொல்லணும். நீயும் அக்யூஸ்ட்தான்டா, தெரியுமில்ல? குழுவுல வேற யாராவது சொல்வாங்களா?"

"நாப்பது குடும்பம் சார்," என்றார் ஜெயகணேஷ், அப்போதுதான் நிமிர்ந்து. "யாரும் சொல்ல மாட்டாங்க. நானே சொல்ல மாட்டேன்."

"நான் சொல்றேன் சார்," என்றாள் சண்முகப்பிரியா.

"நீங்க பார்த்தீங்களாம்மா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

சுதாகர் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் என்ன சொன்னாலும் செய்யத் தயாராக இருந்தான் என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. சரிதா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ரோட்டுலதான் செத்தாருன்னு எழுதிக்குங்க சார். புருசனும் போயி, தம்பியும் ஜெயிலுக்குப் போயிட்டா அந்த வூட்டுக்கு யாரு இருக்கா?"

தம்பியின் தோளைத் தொடாமலே அவனைத் தாண்டி வெளியே நடந்தாள். சண்முகப்பிரியாவுக்கு அழுகை அழுகையாக வந்தது. யார் செய்தது, எப்படிச் செய்தது என்று முழுசாகத் தெரிந்தும் அவளால் ஒரு துரும்பைக்கூட அசைக்க முடியவில்லை.

மாதக் கடைசியில் மார்க் போட உட்கார்ந்தாள். விபத்து என்ற கட்டத்தில் ஒன்று என்று அடித்தாள். போலீஸ் வழக்கு எண் இல்லாமல் கணினி அதை ஏற்கவில்லை. பூஜ்யம் அடிக்க அவளுக்குக் கை வரவில்லை. காலியாக விட்டு அனுப்பினாள். காலிக் கட்டத்தைப் பூஜ்யம் என்றே எடுத்துக்கொண்டு, கணினி அந்தக் குழுவுக்கு முழு மார்க் போட்டது.