மூலையில் மிதந்த தொட்டில்

ஜன்னல் கண்ணாடி அதிர இடி விழுந்தும், போன் திரையின் மூலையில் மிதந்த சின்னப் பெட்டிக்குள் அவள் மகள் அசையவே இல்லை.

பக்கத்து அறைத் தொட்டிலைக் கேமரா காட்டும். தாய் போனில் எந்த வேலையைத் திறந்தாலும் அந்தக் காட்சி அதன்மேல் மிதக்கும். அவள் எழுதிக்கொண்டிருந்த செயலியின் புது வசதி அதுதான். மழை வாசனையோடு சூடேறிய சார்ஜரின் வாடையும் கலந்திருந்த அந்த இருண்ட மதியத்தில், சுவருக்கு அப்பால் தொட்டில் மரம் கிறீச்சிட்டு ஓய்வதும் மறுபடி கிறீச்சிடுவதுமாக இருக்க, செயலியைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் பெண்ணை அழைத்தாள்.

"பாப்பா அசையாம தூங்குறாடி. அப்ப தொட்டில ஆட்டுறது யாரு?"

"எதைப் பாத்துக்கா சொல்றீங்க? டெஸ்டுக்குப் போட்ட வீடியோதானே இன்னும் ஓடுது. நீங்க லைவுக்கு மாத்தவே இல்லையே! என் போன்லயும் அதே பாப்பாதான் தெரியுது."

போன வாரம் எடுத்த வீடியோ. இவ்வளவு நேரமும் அதற்குத்தான் காவல் இருந்திருக்கிறாள்.

"நல்லா பாத்துக்கிட்டேன் போ, பிள்ளைய!"

தன்னையே திட்டியபடி பெட்டியைக் கீழே தள்ளி மூடப் பார்த்தாள். அது மூடவில்லை. மெல்ல ஏறி மூலைக்கே வந்து நின்றது.

"அக்கா..." டெஸ்டரின் குரல் தேய்ந்தது. "இந்த வீடியோல கை எதுவும் வராதே?"

தொட்டில் விளிம்பில் விரல்கள். சாம்பல் நிறம். நீளம்.

ஓடினாள்.

ஆடிக்கொண்டிருந்த தொட்டிலில் மகள் விழித்துக் கிடந்தாள். வாரி அணைத்தாள். அறையில் யாருமில்லை. அழுகிய ஈரத்தின் நாற்றம் மட்டும்.

கையிலிருந்த போனில், தூங்கும் குழந்தையின் கணுக்காலை அந்த விரல்கள் சுற்றிப் பிடித்தன.

அணைப்பில் மகள் வீறிட்டாள். பிஞ்சுக் காலில் குழிகள். விரல் விரலாக.

"ஏய்! பெத்தவ நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். யாரைக் கேட்டுத் தொட்ட?"

கால் இழுபட்டது.

போனை வீசினாள். கணுக்காலை இறுகப் பற்றினாள். அவள் உள்ளங்கைக்கும் மகளின் தோலுக்கும் நடுவே சில்லென்று ஏதோ நெளிந்தது. விடவில்லை. இன்னும் நெரித்தாள்.

"இழு. இழுத்துப் பாரு. பிஞ்சு போறது உன் கைதான்."

தரையில் கிடந்த திரையில், தொட்டிலின் மறுபக்கம் இன்னொரு கை ஏறியது.