தொட்டிக்குள் விழுந்த குட்டி

மலைச்சரிவில் வண்டியை நிறுத்தியதும் அப்பா ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்.

"சுரங்க வாசல் பக்கம் மட்டும் போகக் கூடாது. மத்தபடி எங்க வேணும்னாலும் சுத்துங்க."

நெவாடா பாலைவனத்தில் தங்கம் தோண்டியவர்கள் எப்போதோ விட்டுப்போன முகாம் அது. கூரை இல்லாத மரவீடுகள் வெயிலில் வெளுத்து நின்றன. டெஸ்ஸா ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தாள். ஒரு வீட்டில் துருப்பிடித்த அடுப்பு. இன்னொன்றில், கட்டிலின் கம்பிச்சுருளுக்குள் குருவிக்கூடு. இந்தக் கட்டிலில் யார் படுத்திருப்பார்? அவருக்குத் தங்கம் கிடைத்திருக்குமா?

"டெஸ்ஸா, எனக்குத் தங்கம் கிடைச்சிருச்சு" என்று தம்பி ரோவன் ஓடி வந்தான்.

"அது மீன் டப்பா மூடிடா."

"தேய்ச்சா பளபளக்கும். உனக்குப் பொறாமை."

அப்போது ஒரு சத்தம் கேட்டது. யாரோ ரம்பத்தால் அறுப்பதுபோல் கரகரப்பாக இருந்தது.

ரோவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "பேயா இருக்குமோ?"

"பகல்ல பேய் தூங்கும். வா, பாக்கலாம்."

தரையில் புதைத்துக் கட்டிய பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்று வறண்டு கிடந்தது. உள்ளே ஒரு காட்டுக் கழுதைக்குட்டி. தவறி விழுந்திருக்கிறது. தொண்டை கம்மும்வரை கத்தியிருக்கிறது. சற்றுத் தள்ளி மேட்டில் தாய்க்கழுதை நின்றது.

அப்பா உள்ளே இறங்கிப் பார்த்தார். குட்டி மிரண்டு ஓடிச் சுவரில் மோதியது. அவர் உடனே வெளியே ஏறிவிட்டார்.

"இங்க போனுக்கு சிக்னலும் இல்ல. ஊருக்குப் போய் ஆளக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிரும். அதுவரை இந்த வெயிலைத் தாங்குமான்னு தெரியல" என்றார்.

ரோவன் ஒரு தகரத்தை இழுத்து வந்தான். அது எழுப்பிய சத்தத்தில் குட்டி மூலையில் ஒடுங்கியது.

"தகரம் வேண்டாம்டா, பயப்படுது. அந்த வீட்டுல ஒரு கதவு விழுந்து கிடந்துச்சே?" என்றாள் டெஸ்ஸா.

மூவரும் கதவைத் தூக்கி வந்து தொட்டிக்குள் சாய்வாக இறக்கினார்கள். குட்டி ஒரு குளம்பை வைத்தது. வழுக்கியது. மறுபடி மூலைக்கே போய்விட்டது.

டெஸ்ஸா யோசித்தாள். கதவை மறுபடி மேலே இழுத்து, வண்டியில் கிடந்த சாக்கை அதன்மேல் விரித்தாள். அப்பா கயிற்றால் இறுகக் கட்டினார். டெஸ்ஸா அதில் மண்ணைத் தூவினாள். கதவு மறுபடி உள்ளே இறங்கியது.

குட்டி அசையவில்லை.

"இன்னும் என்ன வேணுமாம் இதுக்கு?" என்றான் ரோவன்.

டெஸ்ஸா மேட்டைப் பார்த்தாள். தாய்க்கழுதையின் காதுகள் அவர்கள் பக்கமே விறைத்திருந்தன.

"அம்மா கூப்பிட்டா குட்டி வரும். நாம இங்க நின்னா அம்மா கிட்டயே வராது. வாங்க, போயிரலாம்."

அப்பா அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

வண்டிக்குப் பின்னால் மூவரும் குந்தியிருந்தார்கள். நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. ரோவன் இருமலைக்கூட விழுங்கிக்கொண்டான்.

தாய் மெல்ல இறங்கி வந்தது. தொட்டியின் விளிம்பில் தலையைத் தாழ்த்தி, அடிக்குரலில் கூப்பிட்டது.

கதவில் குளம்பின் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. முதலில் இரண்டு நீண்ட காதுகள் தெரிந்தன. பிறகு முழுக் குட்டியும்.

குட்டி நேராகத் தாயின் வயிற்றுக்கடியில் புகுந்து பால் குடித்தது. வயிறு நிறைந்த பிறகுதான், வண்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது.