தொண்ணூற்றிரண்டு நாள் கசிவு

காலை ஏழு மணிக்குப் பொதுவண்டிகள் சிங்காநல்லூர்த் தெருவுக்குள் சத்தமில்லாமல் வந்து, வீட்டுக்கு ஒன்றாக நின்றன. ஸ்டியரிங் கிடையாது, ஹாரன் கிடையாது, சொந்தக்காரரும் கிடையாது. ஏறினால் கொண்டுபோய் விடும். இறங்கினால் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடும். தெருவே ஏறிக் கிளம்பிக்கொண்டிருக்க, நந்தகுமார் மட்டும் கிழிந்த பனியனை நனைத்துத் தன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சொந்தக் கார் வைத்துக்கொள்ள நினைவு உரிமம் என்று ஒன்று வேண்டும். மாதம் ஒருமுறை அதிகாரி வருவார். அவர் கண்முன்னால் சொந்தக்காரர் கைபட்டுக் கார் கிளம்ப வேண்டும். தொடர்ந்து மூன்று முறை தவறினால் நேரே உருக்காலைதான். போன இரண்டு மாதமும் சோதனை நேரத்தில் பேட்டரி செத்துக் கிடந்தது. இன்று மாலை நான்கு மணிக்கு மூன்றாவது சோதனை.

அறுபத்து மூன்று வயதில் அவருக்கு மிஞ்சியிருந்தது அந்தக் கார் ஒன்றுதான். அதில்தான் ஹேமாவைக் கல்யாணமான புதிதில் மருதமலைக்கு அழைத்துப் போனார். முன்சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து பொரி தின்று வண்டி முழுக்க இறைப்பாள். அவள் போய்ப் பதினொரு வருடமாகிறது. இன்றும் வண்டி கிளம்புகிற நாளெல்லாம் மாலையில் குளத்தங்கரை வரை ஓட்டிப் போய், காலியான பக்கத்து சீட்டோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பி வருவார். பைத்தியம் என்று தெருவில் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மெக்கானிக் அஃப்ரின் வந்து சேரவே மதியம் பன்னிரண்டரை ஆகிவிட்டது. பழைய கார்களைத் தொடத் தெரிந்தவர்கள் ஊரில் இரண்டு மூன்று பேர்தான்.

"ரெண்டு பேட்டரி மாத்தியாச்சு அம்மணி. ரெண்டும் மூணே நாள்ல படுத்துருச்சு."

அவள் தன் பெட்டியிலிருந்து மின்சாரம் கொடுத்துக் காரைக் கிளப்பினாள். மானியை வைத்துப் பார்த்தாள். பதினான்கு வோல்ட் காட்டியது.

"சார்ஜ் நல்லாத்தான் ஏறுது சார். கொடத்துல ஓட்டைய வெச்சுக்கிட்டு ஊத்துறவங்களக் குத்தஞ்சொல்லிப் பிரயோசனமில்ல. வண்டி நிக்கறப்ப எதுவோ உறிஞ்சுது."

காரை அணைத்து, பானெட்டைத் திறந்தபடியே விட்டு, பேட்டரி வயரைச் சுற்றி, ஓடும் மின்சாரத்தைக் காட்டும் கவ்வுமானியை மாட்டினாள். "இப்ப வண்டி தூங்கணும். நாப்பது நிமிஷம் யாரும் கதவத் தொறக்கக் கூடாது. தொறந்தா முழிச்சுக்கும், அப்புறம் மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

நந்தகுமாரின் கை அதற்குள் கதவுப் பிடிக்குப் போயிருந்தது. அசட்டுச் சிரிப்போடு இழுத்துக்கொண்டார்.

இருவரும் வாசற்படியில் உட்கார்ந்தார்கள். "அப்பெல்லாம் வண்டிச் சத்தத்த வெச்சே யாரு வர்றாங்கன்னு சொல்லிருவாங்களாமே சார்?" என்று கேட்டாள்.

"எங்க ஹேமா சொல்லுவா. தெருமுனை வேகத்தடையில வண்டி ஏறி எறங்கறதுக்குள்ள தோசைக்கல் அடுப்புல ஏறிடும்." காரைப் பார்த்தபடியே சொன்னார். "இப்ப யாரு வர்றாங்க, யாரு போறாங்க, ஒண்ணும் தெரியறதில்ல."

மானியில் எண் இறங்கி இறங்கிப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றது. பரவாயில்லையே என்று அவர் நினைத்த நேரத்தில் சட்டென்று எகிறியது. பிறகு அடங்கியது. ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் எகிறியது.

அஃப்ரின் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிக் காத்திருந்தாள். பதினான்காவதைப் பிடுங்கிய பிறகு எண் எழும்பவே இல்லை.

"செய்திப்பெட்டி சார். பழைய டவர் மூலமா சேதி அனுப்பற பொட்டி. அந்த டவரெல்லாம் எப்பவோ போயாச்சு. கடைசியா நம்ம பக்கம் மிச்சமிருந்தத நிறுத்தித் தொண்ணூத்திரண்டு நாளாகுது. இதுக்கு அது தெரியல. நிமிஷத்துக்கு ஒருக்கா முழிச்சு முழிச்சு யாரையோ கூப்புடுது."

"யாரக் கூப்புடுது? நான் ஒண்ணும் அனுப்பலியே."

அவள் செய்திப்பெட்டியின் பதிவைத் தன் கைத்திரையில் திறந்தாள். ஒரே வரி ஆயிரக்கணக்கில் ஓடியது. கார் வீட்டு வாசலில் வந்து நின்ற ஒவ்வொரு நாளும், ஒரே எண்ணுக்கு: 'வீடு வந்தாச்சு.' ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'படிக்கப்பட்டது'. கடைசித் தொண்ணூற்றிரண்டு நாளில் போனவற்றுக்கு மட்டும் அது இல்லை.

அந்த எண் யாருடையது என்று நந்தகுமாருக்குப் பார்த்ததும் தெரிந்தது. தாராபுரத்தில் இருக்கும் அக்கா கோகிலா.

கார் எடுத்த அன்று, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க வந்தவள் அக்காதான். அப்பா பைக்கில் போய் வீடு திரும்பாமலே போனதிலிருந்து, யார் எங்கே கிளம்பினாலும் 'போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்த சொல்லீரு' என்று உயிரை எடுப்பாள். தம்பி சொல்ல மாட்டான் என்று தெரிந்து அன்றே காரிடம் சொல்லி வைத்திருக்கிறாள். ஹேமா இறந்தபோது அக்கா வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். நேரத்துக்கு வராத உறவு இனி வாசப்படி மிதிக்க வேண்டாம் என்று பத்துப் பேர் முன்னால் சொன்னார் நந்தகுமார். டவர்களுக்குப் பதிலாக எல்லாரும் பேசப் பயன்படுத்தும் வான்வலையில் அன்றே அவள் தொடர்பையும் மூடினார். மூடியவர்தான் திறக்க முடியும் என்பது வான்வலையின் சட்டம். ஏழு வருடம் திறக்காவிட்டால் அந்தத் தடமே அழிந்துபோகும். அழிந்தும் போனது.

அப்படி விரட்டப்பட்டவள் பதினொரு வருடமாகத் தினமும் படித்திருக்கிறாள். பிறகு ஒருநாள் மாலை, தம்பி வீடு வந்து சேரவில்லை. அடுத்த நாளும் சேரவில்லை.

"ஃபியூஸ் இல்லாமயே விட்டுர்றேன். வண்டி பொழச்சுக்கும்" என்றாள் அஃப்ரின். மணி இரண்டே முக்கால்.

நந்தகுமார் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். வாழ்நாளில் முதன்முறையாகப் பொதுவண்டியைக் கூப்பிட்டார்.

"சார், அதிகாரி வர இன்னும் ஒரு மணி நேரந்தான். பாத்துட்டுப் போங்க. ஆள் இல்லீன்னா வண்டியத் தூக்கிருவாங்க."

"ஒரு மணி நேரம் நின்னா எனக்கு ரோஷம் வந்துரும் அம்மணி. என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

நான்கு மணிக்குப் பொதுவண்டி பல்லடத்தைத் தாண்டியிருந்தது. இந்நேரம் காரின் கண்ணாடியில் சீட்டு ஒட்டியிருப்பார்கள். ஹேமா உட்கார்ந்த சீட்டும் சேர்ந்து உருகப் போகிறது. நினைத்ததும் அழுகை வந்தது, அழுதார். கேட்க யாரும் இல்லாத வண்டி. அந்த மட்டில் சௌகரியம்தான்.

தாராபுரத்தில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. அக்கா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. கூடத்தில் முட்டியைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. பக்கத்தில் பிளக்கில் மாட்டிய பழைய செல்போன்.

அவள் அவரைப் பார்த்தாள். எழுந்திருக்க முயன்று, முடியாமல் அப்படியே உட்கார்ந்தாள்.

"போன்லதான் கோளாறுன்னு மூணு கடைக்குக் குடுத்தேன் நந்து" என்றாள். "வேற மாதிரி நெனைக்க மனசு வரல."