மீசையைத் தொடாதே!

துர்காவுக்குக் கோபம் வந்தால் சேலையூர் ஏரித் தண்ணீர் கொதிக்கும் என்று அவர்கள் தெருவில் சொல்வார்கள். அன்று காலை அவளுக்கு வந்த கோபத்தில் ஏரி மீன்கள் எல்லாம் தாமாகவே குழம்பாகியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

"என்னது, கொல்லணுமா?"

கேட்டது ஐந்தாம் வகுப்புக் குரல்தான். ஆனாலும் மாடிப்படியில் தூங்கிக்கொண்டிருந்த பூனை இரண்டு வீடு தாண்டி ஓடிய பிறகுதான் திரும்பிப் பார்த்தது.

எதிரே கையில் கண்ணாடிக் குழாயோடு நின்றவர் வேதசிரோமணி அக்கா. துர்கா வீட்டு மாடியில் குடியிருப்பவர். கல்லூரியில் தத்துப்பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்.

தத்துப்பூச்சி அரிசி மணி அளவுதான் இருக்கும். இலையில் உட்கார்ந்து சாறு குடிக்கும். உற்றுப் பார்த்தால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து இலைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். இன்னும் கிட்டே போனால் 'டப்'பென்று குதித்து மறைந்துவிடும். உலகத்தில் இதில் பல்லாயிரம் இனங்கள் இருக்கின்றன. இதுவரை யார் கண்ணிலும் படாத இனத்தைத் தேடிப் பிடித்து, அது எப்படி இருக்கும், யாருக்குச் சொந்தம், யாருக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றெல்லாம் எழுதிப் பெயர் வைப்பதுதான் அக்காவின் வேலை.

துர்கா வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு துத்திச் செடி முளைத்திருந்தது. அதை யாரும் நடவில்லை. "களையெல்லாம் எதுக்குடி?" என்று அம்மா புஷ்பலதா பிடுங்கப் போன போதெல்லாம் துர்கா குறுக்கே படுத்து மறியல் செய்தாள். காரணம், அந்தச் செடியில் இருந்த மீசை.

மீசை ஒரு தத்துப்பூச்சி. உடம்பெல்லாம் இளம்பச்சை. முகத்தில் மட்டும் கறுப்பாக, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டது மாதிரி ஒரு கோடு. தாம்பரம் காவல் நிலையம் முழுக்கத் தேடினாலும் அப்படியொரு மீசை கிடைக்காது. தினமும் பள்ளிக்குக் கிளம்பும்போது துர்கா அதனிடம் சொல்லிக்கொண்டுதான் போவாள்.

நேற்று அக்கா தற்செயலாக அந்த மீசையை லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டார். அவர் போட்ட கூச்சலில் மேடவாக்கத்தில் போன தண்ணீர் லாரி பிரேக் போட்டது.

"துர்கா! இது புதுசு! புது இனம்னு நினைக்கிறேன்!"

"புதுசா?" துர்காவுக்கு அப்போதே லேசாக மூக்கு சிவந்தது. "போன வருஷம் நாங்க குன்றத்தூர்லேர்ந்து இங்க குடி வந்தப்பவே இந்த மீசைக்காரங்க எல்லாம் இங்கதான் இருந்தாங்க. நாங்கதான் புதுசு!"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் துர்கா நேற்று நிம்மதியாகத் தூங்கினாள். இன்று காலை பார்த்தால், கையில் குழாய்!

"கோபப்படாதே துர்கா. சொல்றதைக் கேளு," என்றார் அக்கா. "மீசையை மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா வேற வேற இனமா இருக்கும். ஆண் பூச்சியோட வயித்து நுனியில, உள்ளுக்குள்ள ஒரு குட்டி உறுப்பு உண்டு. பூட்டுக்கு ஏத்த சாவி மாதிரி, ஒவ்வொரு இனத்துக்கும் அது வேற வடிவம். அதை மைக்ராஸ்கோப்ல பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

"பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துடுங்க."

"உயிரோட பார்க்க முடியாதும்மா."

அவ்வளவுதான். ஏரி கொதித்தது.

"பேர் வைக்கிறதுக்குக் கொல்லுவாங்களா? எனக்குப் பேர் வச்சப்போ காதுல மூணு தடவை சொல்லி, வாயில சர்க்கரைத் தண்ணி ஊத்தினாங்க! நீங்க இதைக் கொன்னுட்டு யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவீங்க?"

அக்காவின் முகம் வாடிவிட்டது. பாவம், அவர் கெட்டவர் இல்லை. "எனக்கும் பிடிக்கலடா. ஆனா பேரே இல்லாத பூச்சியை யாரு காப்பாத்துவாங்க சொல்லு? நாளைக்கே இந்தக் காலி மனையெல்லாம் ஃப்ளாட் ஆயிடும். அப்புறம் இப்படி ஒண்ணு இருந்ததுன்னே யாருக்கும் தெரியாமப் போயிடும். திங்கட்கிழமை நான் பெங்களூர் போகணும். அங்க இருக்கிற பழைய பூச்சிங்களோட ஒப்பிட்டுப் பார்க்கணும். அதுக்குள்ள ஓர் ஆண் பூச்சி வேணும். உன் மீசை வேண்டாம்னா வேற செடியில ஒண்ணைப் பிடிச்சுக்கறேன்."

"அது வேற யாரோட மீசையோ!" என்றாள் துர்கா.

அக்கா குழாயோடு மாடிக்குப் போய்விட்டார். அவர் சொன்னதும் சரி, தான் சொன்னதும் சரி என்று துர்காவுக்குத் தோன்றியது. அதனால் கோபம் இரண்டு மடங்கானது.

பொங்கல் விடுமுறைதானே? குடையை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டி மூடியின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மீசைக்குக் காவல்.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு தீபலட்சுமி கரும்பைக் கடித்துக்கொண்டே வந்தாள். துர்காவின் வகுப்புதான். வாய் மட்டும் கல்லூரிக்குப் போகும்.

"என்னடி, பூச்சிக்கு பாடிகார்டா? சம்பளம் உண்டா, இல்ல இலையா?"

துர்கா நடந்ததைச் சொன்னாள். தீபலட்சுமி கரும்புச் சக்கையைத் துப்பினாள்.

"உன் கஷ்டத்தைப் பேசறியே, என் கையைப் பாரு. போகிக்கு வீட்டு லைட் மூடியெல்லாம் என்னையே கழுவ வச்சாங்க எங்கம்மா. சோப்புத் தண்ணியில ஊறி ஊறிக் கை அப்பளம் ஆயிடுச்சு. அந்தக் கண்ணாடிக்குள்ள எத்தனை செத்த பூச்சி தெரியுமா? கருமம்!"

துர்கா குடையைக் கீழே போட்டாள்.

"என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு."

"கருமம்னேன்."

"அதுக்கு முன்னாடி!"

"செத்த பூச்சி…"

துர்கா மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாவி ஏறினாள். "அக்கா! தத்துப்பூச்சி லைட்டுக்கு வருமா?"

"வருமே. மழைக்காலத்துல கூட்டங்கூட்டமா வரும்."

"லைட்டுக்குள்ளேயே செத்துக் காய்ஞ்சு போனது இருந்தா, அதை வச்சுப் பார்க்க முடியுமா?"

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "முடியும். ஊறவச்சுப் பார்க்கலாம். வயித்து நுனி உடையாம இருக்கணும், அவ்வளவுதான்." பிறகு மெல்ல, "நான் செடியையே பார்த்துக்கிட்டிருந்தேன் துர்கா," என்றார்.

இருவரும் தெருவில் இறங்கி ஓடினார்கள். தீபலட்சுமியும் கரும்போடு பின்னாலேயே ஓடினாள். ஆனால் அங்கே என்ன நடந்திருந்தது தெரியுமா? முந்தாநாள் போகி! தெரு முழுக்க ஒரு விளக்கு பாக்கியில்லாமல் தேய்த்துக் கழுவப்பட்டு, நிலா மாதிரி பளபளத்தது. துர்காவின் அம்மாகூட வாசல் விளக்கைச் சோப்புத் தூள் போட்டுக் கழுவியிருந்தார்.

"வருஷம் பூரா சும்மா இருந்துட்டு இப்பதான் கழுவணுமா?" என்று துர்கா பொருமினாள்.

"ஆமாடி, உன்னைக் கேட்டுட்டுத்தான் போகி கொண்டாடணும்," என்றாள் தீபலட்சுமி. அப்படிச் சொன்னவள் சட்டென்று நின்றாள். "துர்கா, அங்க பாரு!"

தெருக்கோடி வீட்டு வாசல் தூணில் ஒரு பெரிய கண்ணாடி உருண்டை விளக்கு. அதில் பாதிக்கு மேல் கறுப்பு. உள்ளே ஒரு படையே செத்துக் கிடந்தது.

அது யார் வீடு? குடியிருப்போர் சங்கத் தலைவர் பக்தவச்சலத்தின் வீடு! போகிக்கு முன்னால் வீடு வீடாகப் போய், "ஒட்டடை ஒரு இழைகூட இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்று எல்லாரையும் விரட்டிய அதே பக்தவச்சலம்.

துர்கா கதவைத் தட்டினாள். "சார், உங்க வாசல் விளக்குல இருக்கிற செத்த பூச்சி வேணும்."

பக்தவச்சலத்தின் புருவம் இரண்டும் தலைமுடியைத் தொட்டன. "என் வீட்டு விளக்குல பூச்சியா? அபாண்டம்! யாரு சொன்னது?"

"கறுப்பாத் தெரியுதே சார்."

"அது டிசைன்ம்மா! கண்ணாடியிலேயே வர்ற டிசைன்!"

எதிர்வீட்டில் வயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் துலுக்காணம் ஏணியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், டிசைன்ன்றீங்கோ? அந்த டிசைனுக்கு றெக்க கீது, காலு கீது. ரெண்டு மூணு டிசைனு இப்பதான் உள்ள பூந்துக்கினு கீது!"

தீபலட்சுமி கரும்போடு சேர்த்துச் சிரித்ததில் புரையேறிவிட்டது. சத்தம் கேட்டு அங்கங்கே கதவுகள் திறந்தன. திட்டு வாங்கிய தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு பாட்டம் சிரிப்பு தயாராக இருந்தது.

பக்தவச்சலத்தின் காது மடல் சிவந்தது. கை கதவைச் சாத்தப் போனது. கதவைச் சாத்தினால் விளக்கும் போச்சு; மீசையும் போச்சு.

'ஊருக்கெல்லாம் சட்டம், உங்க வீட்டுக்குக் கிடையாதா?' என்ற கேள்வி துர்காவின் நாக்கு நுனியில் வந்து குதிக்கத் தயாராக நின்றது. அப்போதுதான் அந்தச் சிவந்த காதைக் கவனித்தாள். கோபம் வந்தால் தன் மூக்கு எப்படிச் சிவக்குமோ அதே சிவப்பு. ஆனால் இது கோபம் இல்லை, அவமானம்.

நாக்கு நுனியில் நின்றதை விழுங்கிவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"சார், வேதசிரோமணி அக்கா ஒரு புதுப் பூச்சியைக் கண்டுபிடிச்சிருக்காங்க. அதை நிரூபிக்க விளக்குல விழுந்த பூச்சி வேணும். எல்லாரும் அவசரப்பட்டுக் கழுவிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் கழுவாம பத்திரமா வச்சிருக்கீங்க. நீங்க குடுக்கலன்னா ஆராய்ச்சியே நின்னுடும்."

பக்தவச்சலம் ஒரு முறை துர்காவைப் பார்த்தார். ஒரு முறை விளக்கைப் பார்த்தார். மார்பு மெல்ல மெல்ல விரிந்து சட்டைப் பொத்தானைச் சோதித்தது.

"அதான்! நான் வேணும்னுதான் வச்சிருந்தேன்!" என்று முழங்கினார். "அறிவியலுக்கு உதவும்னு நாலு வருஷமாச் சேர்த்து வச்சிருக்கேன்!"

"ஏழு வருஷமா!" என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"ஏழு வருஷமா!" என்றார் அவரும் பெருமையாக. "துலுக்காணம், என்னய்யா வேடிக்கை? ஏணியைக் கொண்டா!"

கண்ணாடி உருண்டை கீழே இறங்கி, விரித்த செய்தித்தாளில் கவிழ்ந்தது. அப்பப்பா! தாம்பரம் ரயில் நிலையத்தில் தீபாவளிக்கு முதல் நாள் நிற்கும் கூட்டம்கூட அதற்கு முன்னால் கம்மி. வண்டு, விட்டில், ஈசல், கொசு, பெயர் தெரியாத இன்னும் யார் யாரோ.

அக்கா மெல்லிய தூரிகையோடு வந்து உட்கார்ந்தார். பிரித்துப் பிரித்து ஓரம் தள்ளினார். துலுக்காணம் எதிர்வீட்டு வயரிங்கை அப்படியே தொங்கவிட்டு வந்து குந்தினார்.

"பூச்சிக்கு போஸ்ட்மார்ட்டமா பாப்பா? சோக்கா கீதே!"

முதல் மீசை கிடைத்தது. பாதி உடம்பு தூளாகிவிட்டிருந்தது.

இரண்டாவது மீசைக்கு வயிறே இல்லை. "எறும்பு தின்னுடுச்சு," என்றார் அக்கா.

"எறும்புக்கு வேற சாப்பாடே கிடைக்கலயா!" துர்காவின் மூக்கு மறுபடி சிவந்தது.

மூன்றாவது முழுசாக இருந்தது. அக்கா லென்ஸில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பெண்."

செய்தித்தாளில் குவியல் கரைந்துகொண்டே வந்தது. ஒரு பிடி இருந்தது, பிறகு ஒரு சிட்டிகை. துர்கா மூச்சு விடவே மறந்துவிட்டாள். தீபலட்சுமிகூடக் கரும்பைக் கடிக்கவில்லை.

அப்போது ஒரு விட்டிலின் சிறகுக்கு அடியில், போர்வை போர்த்தித் தூங்குவது மாதிரி ஒன்று கிடந்தது. பச்சை மங்கிப் பழுப்பாகியிருந்தது. மீசை மட்டும் முறுக்குக் குறையவில்லை.

அக்கா வெகுநேரம் பார்த்தார். பிறகு லென்ஸை எடுக்காமலேயே சொன்னார்: "ஆண். நுனி வரைக்கும் முழுசா இருக்கு."

துர்கா போட்ட கூச்சலில் அந்தத் தண்ணீர் லாரி இரண்டாம் முறை பிரேக் போட்டிருக்கும்.

திங்கட்கிழமை அக்கா அந்த விளக்கு மீசையோடு பெங்களூருக்கு ரயிலேறினார். துத்திச் செடி மீசை தன் ஆயுசு முழுக்கச் சாறு குடித்து, குதித்து, ஒளிந்து விளையாடிவிட்டு, தானாகவே ஒருநாள் விடைபெற்றது. அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் செடியைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆராய்ச்சி எல்லாம் முடிந்து, அக்காவின் கட்டுரை அச்சாகி வர அடுத்த வருடம் ஆகிவிட்டது. மீசைக்காரன் என்று அர்த்தம் வரும் ஒரு நீளமான லத்தீன் பெயர். பூச்சி கிடைத்த இடம், 'சேலையூர், ஒரு வீட்டு வாசல் விளக்கு' என்று போட்டிருந்தது. பக்தவச்சலம் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுத் தூணிலேயே மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு அந்த விளக்கைக் கழுவ யார் துணியோடு வந்தாலும், "தொடாதே! ஆராய்ச்சி நடக்குது!" என்று விரட்டினார். அதைப் பற்றி அவர் மனைவி சொன்னதை அச்சில் போட முடியாது.

துர்கா ஒரு ஸ்பூனில் சர்க்கரைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு துத்திச் செடியிடம் போனாள். இலையில் ஒரு சின்ன மீசை உட்கார்ந்திருந்தது. தத்துப்பூச்சிக்குக் காது எங்கே என்று தெரியாததால், செடியைச் சுற்றி மூன்று பக்கமும் நின்று அந்த நீளப் பெயரை ஒவ்வொரு முறை சொன்னாள். இலையில் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரும் விட்டாள்.

பிறகு குனிந்து, ரகசியமாகச் சொன்னாள்.

"நீங்கல்லாம் புது இனமாம். சிரிக்காதே."

மீசை ஒரு நொடி அவளைப் பார்த்தது. அப்புறம் பக்கவாட்டில் விறுவிறுவென்று நடந்து இலைக்கு அடியில் போய்விட்டது. சிரிப்பை அடக்க முடியவில்லை போலிருக்கிறது.