நாற்பது பெடல்

மூன்றாம் நம்பர் சீட்டில் குனிந்து உட்கார்ந்திருந்த யூனிஸுக்கு, பின்னால் ஒன்றாம் நம்பர் சீட்டின் மேஜைக்கு அடியில் பெடல் ஒருமுறை அழுந்தி எழுந்த சத்தம் கேட்டது. டக். டைப் அடிப்பவர்கள் காலால் அதை அழுத்தினால் ஹெட்போனில் டாக்டரின் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். ஹாலில் அவளைத் தவிர யாரும் இல்லை. அந்தக் கம்ப்யூட்டரைச் சரிசெய்து, பெடலை மிதித்துப் பார்த்துவிட்டு நகர்ந்து இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அழுந்திய ஸ்பிரிங் இப்போதுதான் சாவகாசமாக எழுகிறது என்று சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள்.

பிரேசர் டவுனில், மசூதி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மூன்றாவது மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். அமெரிக்காவில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரியின் டாக்டர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். இங்கே நாற்பது பேர் ராத்திரி முழுக்க அதைக் கேட்டு டைப் அடித்து அனுப்புவார்கள். நாற்பது கம்ப்யூட்டருக்கும் காவல் யூனிஸ். வைரஸ் வராமல் பார்த்துக்கொள்ளும் சாஃப்ட்வேருக்குப் புதிய அப்டேட் வந்தால், முதலில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் போட்டு ஒரு நாள் பார்த்த பிறகுதான் மற்றவற்றுக்கு விட வேண்டும். அந்த விதியை எழுதி ஒட்டியவளும் அவளேதான். நேற்று ஆயுத பூஜைக்காக எல்லோரும் சீக்கிரம் கிளம்பிய அவசரத்தில் அவளும் ஒரு பட்டனைத் தட்டி நாற்பதுக்கும் ஒன்றாக அனுப்பிவிட்டுப் போய்விட்டாள்.

வேலியே பயிரை மேய்ந்த கதை ஆகிவிட்டது. ராத்திரி அந்த அப்டேட், பெடலை இயக்கும் புரோகிராமையே வைரஸ் என்று நினைத்து ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பிடித்து உள்ளே பூட்டி வைத்துவிட்டது. மாலை ஆறு மணிக்கு ஷிப்ட் வரும். அதற்குள் நாற்பதும் ஓடாவிட்டால் அமெரிக்காக்காரன் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வான், ஏற்கெனவே இரண்டு முறை எச்சரித்துவிட்டான். முதலாளி கஸ்தூரிரங்கன் அதற்குக் காரணம் யார் என்று கேட்பார். கணவன் ரெமிஜியஸுக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகிறது, காக்ஸ் டவுன் வீடு இவள் ஒருத்தியின் சம்பளத்தில் நடக்கிறது. அதனால் யாருக்கும் சொல்லாமல், தனக்கு லீவான நாளில், காலை பத்து மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தாள்.

அப்டேட் மறுபடி நுழையாமலிருக்க, வந்ததும் சர்வர் ரூமுக்குப் போய் நெட்வொர்க் கேபிளை உருவினாள். அங்கே சர்வருக்கு முன்னால் தரையில் ஒரு பெரிய பூசணிக்காய் இருந்தது. தலையில் குங்குமம், எரிந்த கற்பூரத்தின் கரி. கேபிளை எட்டுவதற்காக அதைத் தூக்கி ஒரு நாற்காலியில் வைத்தாள். அளவுக்கு மீறிக் கனத்தது.

பதினொரு மணிக்கு டீ கொண்டுவந்த வாட்ச்மேன் சின்னப்பாவிடம் அதைப் பற்றிக் கேட்டாள். ஒன்றாம் சீட்டு ஜானகி மேடம் பூஜை முடித்ததும் சின்னப்பாதான் அதை நாற்பது மிஷினுக்கும் சுற்றினாராம். கீழே கேட்டில் உடைக்கப்போனால் புது டைல்ஸ் கறையாகும் என்று பில்டிங் ஓனர் கன்னடத்தில் கத்தியதாக அவர் சொன்னார். ரோட்டில் உடைத்தால் நோன்பு நேரத்து ஸ்கூட்டர்கள் வழுக்கும் என்று அங்கேயும் விடவில்லையாம்.

"நாளைக்கு ஒடச்சிக்கலாம்னு மேலயே வெச்சிட்டாங்க மேடம். சுத்துன காய்ல திருஷ்டி எல்லாம் எறங்கியிருக்கும், உள்ள வெக்கக் கூடாது. நான் சொன்னேன், கேக்கல."

"வெச்சா என்னா?"

சின்னப்பா காலி டம்ளருக்காகக் கையை நீட்டினார். யூனிஸுக்குச் சிரிப்பு வந்தது. அவள் வீட்டில் பூசணிக்காய் என்றால் சாம்பார்தான். அவர் இறங்கிப் போனபோது ஐந்தாம் சீட்டை முடித்திருந்தாள்.

டக். இப்போது இரண்டு இடத்திலிருந்து.

எழுந்து போய் ஒன்றாம் நம்பர் மேஜைக்கு அடியில் பார்த்தாள். கறுப்புப் பெடல் வழக்கமான இடத்தில் கிடந்தது. வயரைப் பிடுங்கிவிட்டு வந்தாள். பழைய கம்பளத்தின் தூசி வாசனையும் நேற்றைய செண்டுமல்லியின் வாடல் வாசனையும் கலந்து, ஏஸியின் குளிரில் ஹால் முழுக்க நின்றது. ஒவ்வொரு மானிட்டரின் நெற்றியிலும் சந்தனப் பொட்டு, பக்கத்தில் அங்கே உட்காருபவரின் பெயர் எழுதிய ஸ்டிக்கர். ஒன்று ஜானகி, இரண்டு வீணா, மூன்று சுனில். ஒவ்வொன்றையும் சரிசெய்ததும் மானிட்டரை அணைத்துவிட்டு அடுத்ததற்கு நகர்வது அவள் வழக்கம். எட்டாம் சீட்டில் இருந்தபோது ஒன்றாம் நம்பரில் பெடல் மறுபடி அழுந்தியது. வயர் பிடுங்கிய பெடல். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தாள், தன் குரல் அந்தப் பெரிய ஹாலில் ஒலித்த விதம் பிடிக்காமல் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

மூன்று மணிக்கு இருபத்திரண்டு முடிந்திருந்தது. அதற்குள் அவளுக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. சரிசெய்யாத கம்ப்யூட்டர்கள் சும்மா இருந்தன. அவள் சரிசெய்தவற்றின் கீழேதான் சத்தம் வந்தது. அதுவும் கண்டபடி வரவில்லை. ஓர் அழுத்தல், கொஞ்ச நேரம், ஒரு தூக்கல், பின்னோக்கி ஒரு சின்னத் தட்டல், மறுபடி அழுத்தல். டாக்டர் மென்று விழுங்கிய வார்த்தையைத் திரும்பக் கேட்பதற்கு ஜானகி காலை வைக்கும் விதம் அது. மூன்று வருஷமாக யூனிஸ் கேட்டுப் பழகிய விதம். உள்ளே ஓட ஒரு குரலும் இல்லை, கேபிளைத்தான் உருவியாகிவிட்டதே. இருந்தாலும் சந்தேகத்துக்கு ஒருமுறை பார்த்துவிடலாம் என்று சர்வர் ரூமுக்குப் போனாள்.

கேபிள் உருவியபடியே தொங்கியது. நாற்காலியில் பூசணிக்காய் மேலிருந்து கீழ்வரை பிளந்து கிடந்தது. தரையில் ஒரு சொட்டு நீர்கூட இல்லை. சதையும் விதையும் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, யாரோ உள்ளிருந்து வழித்து எடுத்த மாதிரி சுத்தமாக இருந்தது. காலையில் அதைத் தூக்கியபோது இழுத்துப்பிடித்த இடுப்பு இன்னும் வலித்தது. கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

அப்போதே வீட்டுக்குப் போயிருக்கலாம். பையைக்கூட எடுத்துத் தோளில் மாட்டினாள். கஸ்தூரிரங்கனின் முகம் நினைவுக்கு வந்தது. "யாரும்மா அப்டேட் அனுப்பினது?" என்று நாற்பது பேருக்கு முன்னால் அவர் கேட்பது காதில் விழுந்தது. பேய்க்குப் பயப்படுவதைவிட அவள் அந்தக் கேள்விக்கு அதிகமாகப் பயந்தாள். அதுதான் உண்மை. பையைக் கழற்றி வைத்துவிட்டு இருபத்துமூன்றாம் சீட்டில் உட்கார்ந்தாள்.

நாலு மணிக்கு மழை பிடித்தது. கண்ணாடி ஜன்னலில் விழுந்த தூறல் பெடல் சத்தத்தைக் கொஞ்ச நேரம் மறைத்தது, அதற்காக மழைக்கு நன்றி சொல்லத் தோன்றியது அவளுக்கு. மழை விட்டபோது பெடலோடு கீபோர்டும் சேர்ந்திருந்தது. பொடிப்பொடியாக, வேகமாக, கைதேர்ந்த விரல்களின் சத்தம். முதல் வரிசை. இரண்டாம் வரிசை. அவள் திரும்பிப் பார்த்தால் நின்றது. முன்னால் திரும்பினால் தொடங்கியது. அதன் பிறகு அவள் திரும்பவில்லை.

முப்பத்தொன்று. முப்பத்திரண்டு. சிடியைப் போடு. புது அப்டேட்டை நீக்கு. பழையதை ஏற்று. பூட்டியதைத் திற. விரல்கள் தாமாகவே செய்தன. ஒவ்வொன்றையும் திறந்துவிடும்போதும் பின்னால் ஒருவர் கூடினார். கழுத்தில் வேர்வை, ஏஸி குளிரிலும். வாய்க்குள் அருள் நிறைந்த மரியே, பாதியில் மறந்து, மறுபடி முதலிலிருந்து.

முப்பத்தொன்பது.

பக்கத்துச் சீட்டு நாற்காலி லேசாக நகர்ந்தது.

நாற்பது.

எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் நின்றது. மணி ஐந்து ஐம்பத்திரண்டு. நாற்பது மானிட்டரும் எரிந்துகொண்டிருந்தன. அவள் தன் கையால் அணைத்தவை எல்லாம்.

ஒன்றாம் நம்பருக்குப் போனாள். ஒரு முழு ரிப்போர்ட் டைப் ஆகி நின்றது, கம்பெனி தினமும் அனுப்பும் அதே படிவத்தில், ஒரு பிழையும் இல்லாமல். நோயாளியின் பெயர் ஜானகி. வயது முப்பத்தொன்று. தேதி இன்றைய தேதி. நேரம் மாலை ஆறு பத்து. உடலில் காயம் எதுவும் இல்லை. உயிரும் இல்லை. இரண்டாம் சீட்டில் வீணா, மூன்றாம் சீட்டில் சுனில். எல்லோருக்கும் அதே நேரம். ஸ்டிக்கரில் இருந்த பெயர்கள் ஒன்றுவிடாமல் வரிசையாக இருந்தன. ஜானகியின் பக்கத்தை அவள் முழுக்க அழித்தாள். மேஜைக்கு அடியில், அவள் முழங்காலுக்கு அருகில், டக் என்றது. எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரும்ப வந்தன.

ஓடினாள். கண்ணாடிக் கதவைத் தள்ளி மாடிப்படிக்கு வந்தபோது மசூதியில் நோன்பு திறக்கும் சைரன் ஊதிக்கொண்டிருந்தது. கீழே வேன் கதவுகள் சாத்தப்பட்டன. சிரிப்பும் புதுத்துணியின் சரசரப்புமாக எல்லோரும் ஏறி வந்தார்கள். முன்னால் ஸ்வீட் பாக்கெட்டோடு கஸ்தூரிரங்கன், அவருக்குப் பின்னால் தலை நிறையப் பூவோடு ஜானகி, கடைசியில் சின்னப்பா.

"சின்னப்பா சொன்னாரு, காலைலேருந்து நீங்க இருக்கீங்கன்னு," என்றார் கஸ்தூரிரங்கன். "லீவுல என்னம்மா வேலை? ப்ராப்ளமா?"

ஒரு வாக்கியம் போதும். மிஷின் எல்லாம் போச்சு சார், நான்தான் பார்க்காம அப்டேட் அனுப்பிட்டேன், எல்லாரையும் வீட்டுக்கு அனுப்புங்க. அதைச் சொன்னால் யாரும் உள்ளே போகமாட்டார்கள். யூனிஸ் வாயைத் திறந்தாள். நாற்பது முகங்களும் அவளைப் பார்த்து நின்றன. படிவத்தில் பெயர் தானாக ஏறியிருக்கும், அவரவர் லாகின் பெயர்தானே என்று ஒரு நினைப்பு வந்து தடுத்தது. பசி மயக்கம் என்று இன்னொன்று. ரெமிஜியஸ் ஜன்னலருகே சும்மா உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்தது.

"என்ன யூனிஸ், மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு," என்றாள் ஜானகி. "மிஷினு ஓடுதா இல்லியா?"

"ஓடுது," என்றாள் யூனிஸ். "ஸ்வல்ப ப்ராப்ளம் இருந்துச்சு. சரி பண்ணிட்டேன் சார்."

கஸ்தூரிரங்கன் அவள் கையில் ஒரு மைசூர்பாகு வைத்து, உங்களை மாதிரி ஆள் இருந்தா எனக்கென்ன கவலை என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுச் சின்னப்பாவோடு கீழே போனார். மற்றவர்கள் அவளைக் கடந்து உள்ளே போனார்கள். ஜானகி போகிறபோக்கில் தோளைத் தட்டினாள். அந்தக் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. கதவு தானாக மூடிக்கொண்டது.

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நாற்காலிகள் இழுபட்டன. ஹெட்போன்கள் தலையில் ஏறின. செருப்பைக் கழற்றிய கால்கள் மேஜைகளுக்கு அடியில் துழாவின. சுவர்க் கடிகாரத்தில் மணி ஆறு ஒன்பது.

டக். நாற்பதும் ஒன்றாக.

கீபோர்டுச் சத்தம் எழுந்தது, பொடிப்பொடியாக, வேகமாக. அவள் கதவைத் தள்ளினாள், திறக்கவில்லை. கண்ணாடியை அறைந்தாள், ஒருவரும் திரும்பவில்லை. நாற்பது முதுகுகளும் நிமிர்ந்து இருந்தன. ஜானகியின் தலையிலிருந்து பூச்சரம் நழுவித் தரையில் விழுந்தது, அவள் குனிந்து எடுக்கவில்லை. நாற்பது பேருடைய கைகளும் மடியில் மல்லாந்து கிடந்தன. டைப் அடிக்கும் சத்தம் மட்டும் ஒரு நொடிகூட நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.