எலிக்குச் சோறு போட்ட சுவர்

காலையில் எழுந்ததும் நதியா தன் பள்ளிக்கூடப் பையைத் தூக்கினாள். பென்சில் டப்பா கீழே விழுந்தது. ரப்பர் விழுந்தது. கணக்குப் புத்தகமும் பொத்தென்று விழுந்தது. பையைத் திருப்பிப் பார்த்தால், அடியில் ஒரு பெரிய ஓட்டை.

"அம்மா! என் பையக் கடிச்சிட்ச்சி!"

"பை மட்டுமா? இங்க வந்து பாருடி!" என்று அடுப்படியிலிருந்து அம்மா கத்தினாள். அம்மாவின் ஒரு கையில் குளிக்கிற சோப்பு இருந்தது. அதில் பாதிதான் மீதி. மறு கையில் விதைச் சாமை வைத்திருந்த கோணிப்பை. அதன் மூலையிலிருந்து சாமை பொலபொலவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

"சோப்பக் கூடவா எலி தின்னும்? வயித்துக்குள்ள நுரை வராது?" என்று கேட்டான் ஆறு வயதுத் தம்பி சின்னராஜ்.

"போய் அதையே கேளு!" என்றாள் அம்மா.

ஜவ்வாது மலையில் இருந்தது அவர்கள் வீடு. மண் சுவர், மேலே சிமெண்ட் ஷீட். பின்பக்கச் சுவரில், தரையை ஒட்டி ஓர் எலி வளை. அப்பா கோபால்சாமி அதை இதுவரை நான்கு தடவை அடைத்துவிட்டார். முதல் தடவை வெறும் கல்லை வைத்தார். எலி கல்லுக்குப் பக்கத்தில் வழி போட்டுக்கொண்டு வந்தது. அடுத்த மூன்று தடவையும் மண்ணில் சாமை வைக்கோலைப் போட்டு மிதித்து, நன்றாகக் குழைத்து அடைத்தார். அவர் பகலெல்லாம் அடைப்பதும், விடிவதற்குள் எலி அதைத் திறந்து வைப்பதும் வாடிக்கையாகிவிட்டது. இந்த லட்சணத்தில் எலிக்குக் கதவு வைத்துச் சாவியே கொடுத்திருக்கலாம்.

"மண்ணு சரியில்ல. இன்னிக்கி ஓடை மண்ணு கொண்டாந்து அடைக்கிறேன். அப்பால பாரு" என்றார் அப்பா.

"போன தடவயும் இதத்தான் சொன்ன. இன்னிக்கி வெள்ளிக்கெழம. நாளக்கி மறுக்கா ஓட்டை தொறந்துச்சின்னா, ஞாயித்துக்கெழம ஆலங்காயம் போறல்ல, எலி மருந்து வாங்கினு வந்துரு. வெதைக்கு வெச்ச சாமையும் போச்சின்னா ஆடி மாசம் இன்னாத்த வெதைக்கிறது?" என்றாள் அம்மா.

நதியாவுக்குத் திக்கென்றது.

அவளிடம் ஒரு கோழி இருந்தது. பெயர் செவலை. ஒன்பது குஞ்சுகள். குஞ்சு பொரித்துப் பத்து நாள்தான் ஆகிறது. செவலையின் வேலையே காலையிலிருந்து இருட்டும் வரை வீட்டுக்குள்ளும் வெளியிலும் கிடைத்ததையெல்லாம் கொத்துவதுதான். சின்னராஜின் கால் கட்டைவிரலைக்கூட ஒருமுறை கொத்திப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் விட்டது.

"மருந்து வேணாம்மா! செவல தின்னுட்டா செத்துப் பூடும். குஞ்சுங்களும் செத்துப் பூடும்."

"கூடையப் போட்டு மூடி வை."

"எத்தினி நாளைக்கிம்மா மூடி வெக்கிறது?"

"எலி சாவற வரைக்கும்!" என்று சொல்லிவிட்டு, அம்மா அந்தப் பாதிச் சோப்பை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். எலி தின்ற பக்கத்தைத் தேய்ப்பதா, தின்னாத பக்கத்தைத் தேய்ப்பதா என்று அவள் முணுமுணுத்தது வெளியே வரை கேட்டது.

அன்று சாயங்காலம் அப்பா ஓடை மண்ணைச் சுமந்து வந்தார். சாமை வைக்கோலை இன்னும் இரண்டு கை அதிகமாகவே போட்டார். சின்னராஜ் ஏறி நின்று மிதிமிதி என்று மிதித்தான். அடைத்து முடித்ததும் அப்பா சுவரைத் தட்டிப் பார்த்து, "இத்த ஒடைக்க யானைதான் வரணும்" என்றார்.

யானை வரவில்லை. எலி வந்தது.

சனிக்கிழமை காலையில் ஓட்டை முன்பைவிடப் பெரிதாகத் திறந்து கிடந்தது. எலி இந்தத் தடவை அம்மாவின் நல்ல புடவையின் முந்தானையைக் கடித்திருந்தது. அம்மா அதை அப்பாவின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள்.

"நாளக்கி வாங்கினு வர்றேன்" என்றார் அப்பா, தலையைக் குனிந்துகொண்டு.

நதியாவுக்கு அழுகையாக வந்தது. எலி மேல் கோபம், சுவர் மேல் கோபம், அப்பா மேலும் கொஞ்சம் கோபம். வீட்டின் பின்பக்கம் போய் ஓட்டைக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள். "உனக்கு இன்னாதான் வேணும்? அப்படி இன்னா கீது இந்தச் செவத்துல?" என்று ஓட்டையைப் பார்த்துக் கேட்டாள்.

ஓட்டைக்குக் கீழே, எலி தோண்டித் தள்ளிய பழைய மண் குவியலில் பச்சையாக ஏதோ தெரிந்தது. நதியா குனிந்து பார்த்தாள். சின்னச் சின்ன முளைகள். இரண்டு மூன்று நாளாகத் தூறிய மழையில் ஊசி ஊசியாக எழும்பி நின்றன. வருஷா வருஷம் களை எடுக்கப் போகிறவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டாம்.

"சாமை!"

வீட்டுக்குப் பின்னால் யார் சாமை விதைத்தார்கள்? நதியா ஒரு குச்சியை எடுத்து மண்ணைக் கிளறினாள். புதிதாகத் தள்ளிய மண்ணில் கடித்துத் துப்பிய சாமை உமி கிடந்தது. நேற்று அப்பா அடைத்த மண்ணில் ஒரு கட்டி மட்டும் ஓட்டையின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. அதைப் பெயர்த்து உடைத்தாள். உள்ளே வைக்கோல். வைக்கோலோடு, உதிராத கதிர். கதிரில் மணி மணியாகச் சாமை.

நதியா எழுந்து, மாட்டுக் கொட்டகைப் பக்கம் இருந்த வைக்கோல் போருக்கு ஓடினாள். ஒரு கைப்பிடி உருவி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, ஊதினாள். உமியும் தூசியும் பறந்தன. கையில் ஒரு சிட்டிகை சாமை மிஞ்சியது.

"அப்பா! அப்பா! இங்க வா! எலிக்கு நீதாம்ப்பா சோறு போடற!"

அப்பா மண்வெட்டியோடு வந்தார். "இன்னாது?"

நதியா கையை நீட்டினாள். அப்பா பார்த்தார். "அட, அது பதரும்மா. வைக்கோல்ல எங்கேர்ந்து சாமை வரும்?"

"பதரு மொளைக்குமாப்பா?" நதியா அவரை இழுத்துக்கொண்டு போய் முளைகளைக் காட்டினாள்.

அப்பா அங்கேயே குந்திவிட்டார். முளையைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், ஒரு வைக்கோலை எடுத்துக் கசக்கிப் பார்த்தார். பிறகு காதைச் சொரிந்துகொண்டார். அப்பா காதைச் சொரிந்தால் தப்பு அவருடையது என்று அர்த்தம்.

பின்னாலேயே வந்து நின்ற அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "சொன்னனா இல்லியா? களத்துல மாடு கட்டி அடிக்கலாம்னு சொன்னனா இல்லியா?"

போன அறுவடையின்போது நடந்தது இது. ஜமுனாமரத்தூர் போகிற தார் ரோட்டைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். களத்தில் மாடு கட்டி மிதிக்கவிட்டால் இரண்டு நாள் வேலை. அப்பா சாமைக் கதிரையெல்லாம் கொண்டுபோய் ரோட்டில் பரப்பிவிட்டார். 'பஸ்ஸு ஏறிப் போனா மணி உதுந்துரும். நமக்கு வேல மிச்சம்' என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னார். ஆனால் அந்த ரோட்டில் பஸ் வருவதே ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான். இரண்டாவது பஸ் வருவதற்குள் மழை வந்துவிட்டது. பாதி உதிர்ந்தும் பாதி உதிராமலும் அவசர அவசரமாக வாரிக்கொண்டு வந்து போர் போட்டார்கள்.

"பஸ்ஸுக்காரன் மேல உனக்கு அவ்ளோ நம்பிக்க! அந்த வைக்கோல மண்ணுல போட்டு, மிதிச்சி, உருண்ட பண்ணி, எலி வாயாண்ட நீயே கொண்டு போய் வெச்சிக்கிற. அது தின்னாம போவுமா?" என்றாள் அம்மா.

"சரி, உடு. வைக்கோல் இல்லாம வெறும் மண்ணுல அடைச்சிட்டா ஆச்சி" என்றார் அப்பா.

"வெறும் மண்ணு நிக்குமாப்பா?"

"காஞ்சா வெடிச்சி உட்ரும். உள்ள நாரு கணக்கா எதனாச்சும் இருந்தாதான் புடிச்சி நிக்கும்."

"தேங்கா நாரு?" என்றான் சின்னராஜ்.

"அத எலி எட்த்துனு போய் மெத்த போட்டுக்கும்" என்றாள் அம்மா.

நாராகவும் இருக்க வேண்டும், எலி தின்னவும் கூடாது. நதியா யோசித்தாள். யோசித்துக்கொண்டே அவள் கண் துணி துவைக்கிற கல் பக்கம் போனது. அங்கே தேய்க்காத பாத்திரங்கள் குவிந்திருந்தன. அவற்றின் மேல் பளபளவென்று ஒரு கம்பி நார்.

"அம்மா..." என்று இழுத்தாள் நதியா.

அம்மா அவள் பார்வை போன திசையைப் பார்த்துவிட்டாள். "மாட்டேன்! போன வாரந்தான் வாங்கினேன். பானை தேய்க்க நான் எங்க போவேன்?"

"நான் தேய்க்கிறேம்மா. ஒரு வாரம் எல்லா ஏனத்தையும் நானே தேய்க்கிறேன்."

"கேவுரு களி கிண்டின பானையுமா?"

நதியா பாத்திரக் குவியலை இன்னொரு தடவை பார்த்தாள். கேழ்வரகுக் களிப் பானை லேசுப்பட்டதல்ல. அடியில் பிடித்தது உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் செவலை அப்போதுதான் ஒன்பது குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு கொட்டகையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

"களிப் பானையுந்தான்" என்றாள்.

வேலை தொடங்கியது. முதலில் நதியா ஒரு காரியம் செய்தாள். வீட்டுக்குள் போய்க் கதவை உள்ளே தாழ் போட்டாள். ஜன்னலையும் சாத்தினாள். பட்டப்பகலில் வீடு இருட்டாகிவிட்டது.

"இன்னாத்துக்குக்கா மூட்ன? பயமா கீது" என்றான் சின்னராஜ்.

"வெளிச்சம் எங்கெங்க உள்ள வருது பாரு. வெளிச்சம் வர்ற எடத்துல எலியும் வரும்."

இருவரும் தரையில் குப்புறப் படுத்துத் தேடினார்கள். பின்சுவரில் அந்தப் பெரிய ஓட்டை தெரிந்தது. கதவுக்கு அடியில் ஒரு கோடு தெரிந்தது. அப்புறம் டிவி பெட்டிக்குப் பின்னால் காசு அகலத்துக்கு ஒரு பொட்டு வெளிச்சம். டிஷ் வயர் வருவதற்காக மெக்கானிக் போட்ட ஓட்டை அது.

"தோ! கண்டுபுடிச்சிட்டேன்!" என்று குதித்தான் சின்னராஜ். அந்த ஒரு ஓட்டையை வைத்து அவன் அன்று முழுக்க நடந்த நடை இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

கதவடியில் அப்பா ஒரு பலகைத் துண்டை வைத்து ஆணி அடித்தார். டிஷ் வயர் ஓட்டைக்கு அம்மாவின் பழைய கம்பி நாரும் போயிற்று. "அதையும் எட்த்துக்கோங்க. இன்னும் என் தலமுடி வேணுமா?" என்றாள் அம்மா. பெரிய வளைக்குள் முதலில் உடைத்த கல்லைப் போட்டு இடித்தார்கள். அதன் மேல் புது நாரைப் பிரித்துத் திணித்தார்கள். மேலே வெறும் மண்ணைக் குழைத்துப் பூசினார்கள்.

அன்று மத்தியானம் நதியா களிப் பானையோடு மல்லுக்கட்டினாள். கம்பி நார் இல்லை. சாம்பலும் ஒரு கை வைக்கோலும்தான். செவலை பக்கத்திலேயே நின்று வைக்கோலில் இருந்த சாமையைக் கொத்திக்கொண்டிருந்தது. இரண்டு தடவை பானைக்குள்ளேயே தலையை விட்டது. "தள்ளிப் போ! உன்னாலதான எனக்கு இந்தப் பாடு!" என்று நதியா அதன் மேல் தண்ணீரைத் தெளித்தாள். கை எரிந்தது. முதுகு வலித்தது. எலி இன்றும் வந்துவிட்டால் இத்தனையும் வீண் என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நதியா கண் விழித்தபோது பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அப்பா ஆலங்காயத்துக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தார்!

அவள் போர்வையை உதறிவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். முழங்காலிட்டுச் சுவரைப் பார்த்தாள். பூசிய மண்ணின் ஓரத்தில் பல் தடம் இருந்தது. ஒரு விரல் ஆழத்துக்கு எலி சுரண்டியிருந்தது. அங்கே கம்பி மினுங்கியது. அதற்கு மேல் ஒரு சுரண்டல்கூட இல்லை. விரலால் அழுத்திப் பார்த்தாள். கல்லாக நின்றது.

நதியா ரோட்டுக்குப் பறந்தாள். பஸ் புறப்பட்டு உருளத் தொடங்கியிருந்தது.

"அப்பா! வேணாம்ப்பா! வாங்காத!"

ஜன்னலில் ஏழெட்டுத் தலைகள் எட்டிப் பார்த்தன. கடைசியில் அப்பாவின் தலையும் வந்தது. "இன்னாது?"

"எலி வர்ல! மருந்து வாங்காத!"

"யோவ் கோபால்சாமி, எலிக்கி ஒடம்பு நல்லாகிட்ச்சாம்யா, மருந்து வேணாவாம்!" என்று பஸ்ஸுக்குள் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தபடி சரி என்று கையை ஆட்டினார்.

அதற்குள் அம்மாவும் மூச்சிரைக்க ஓடிவந்துவிட்டாள். "கம்பி நாரு! மறக்காம ரெண்டு கம்பி நாரு வாங்கினு வா!" என்று பஸ் வளைவில் திரும்பும் வரை கத்தினாள்.

வீட்டுக்கு வந்ததும் நதியா, ராத்திரி செவலையை மூடி வைத்த கூடையைத் தூக்கினாள். செவலை வெளியே வந்து இறக்கையை உதறியது. ஒன்பது குஞ்சுகளும் கீச்கீச்சென்று பின்னாலேயே வந்தன. வாசல் பக்கம் போகும் என்று பார்த்தால், நேராக வீட்டுக்குள் நுழைந்தன. அம்மா விடிந்ததும் சாணி போட்டு மெழுகி, இன்னும் காயாமலிருந்த தரையில் பத்து ஜோடிக் கால்களும் கோலம் போட்டுக்கொண்டு போயின.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"எலி உள்ள வராம பண்ணிட்ட, சரி. இந்தக் கோழி உள்ள வராம இருக்க இன்னாடி பண்ணப் போற?"

நதியா காது கேட்காதவள் போல, நேற்று பாதி தேய்த்து மீதி வைத்திருந்த களிப் பானையைத் தூக்கிக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனாள்.